எங்கேயும் போகாது

எங்கள் செருப்புக் கடைக்கு மேல்மாடியில் ஒரு தோல் டாக்டர் இருந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும், என் மனைவி பரீதாவுக்கும் பிடிக்காது. நாங்கள் டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அதுவே இருக்கட்டும்.

கடை பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. மாடிப்படி கடை வாசலை ஒட்டித்தான் ஏறும். டாக்டரம்மாவைப் பார்க்க வருகிறவர்கள் எங்களைத் தாண்டாமல் போக முடியாது. சொறிந்துகொண்டே ஏறுவார்கள், களிம்புச் சீட்டோடு இறங்குவார்கள். இறங்கும்போது ஒரு ஜோடி செருப்பும் எடுத்துக்கொண்டால் எனக்கு அது நல்ல நாள்.

சாயங்காலம் கிளினிக் திறப்பதற்கு முன்னால் அவர் எங்கள் கடை பெஞ்சில் வந்து உட்காருவார். ஜனங்கள் செருப்பைப் போட்டுப் பார்க்கிற பெஞ்சு அது. கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் விளக்கு வைத்த ஒரு பூதக்கண்ணாடி, சர்க்கரை இல்லாத டீ. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அதனால் வீட்டில் பாதிப் பேச்சு பிரெஞ்சில் நடக்குமாம். எங்களிடம் தமிழ்தான் பேசுவார். ஆனால் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கும்போது மட்டும் "அலோர்" என்பார். ‘சரி, கிளம்புவோம்’ என்பதுபோல ஒரு சொல். அதைச் சொன்ன கொஞ்ச நேரத்தில் மாடியில் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்கும்.

அவர் ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டார், தோலைப் பார்ப்பார். எதிரே நின்று வணக்கம் சொல்கிறவர் யாரென்று தெரியாமல் விழிப்பார். அந்த ஆள் திரும்பி நடந்ததும், "ஓ, காதுக்குப் பின்னாடி மிளகு மாதிரி மச்சம், போஸ்டாபீஸ்காரர்" என்பார். என் அத்தா கடையில் உட்கார்ந்திருந்த காலத்தில் ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டே விட்டார்.

"என்னை எப்படிம்மா அடையாளம் வச்சிருக்கீங்க?"

"நெத்தியில தொழுத தழும்பு. வலது பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி. சாஞ்சு சஜ்தா பண்றீங்க பாய். இடுப்பு வலி இருக்கா?"

இருந்தது. அத்தா அதை வாரக்கணக்கில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் அவருடைய கண்ணுக்கு ஊரே கைகட்டி நின்றது. வீராம்பட்டினத்திலிருந்து மீன் கூடையோடு வருகிற ஒரு அம்மா, மார்க்கெட் வியாபாரம் முடிந்து மாடிப்படியில் கால் வைத்தார். பெஞ்சிலிருந்தே டாக்டரம்மா சொன்னார், "மேல ஏறாத. அது வெறும் தேமல். மெடிக்கல்ல ஒரு மருந்து சொல்றேன், வாங்கித் தடவு."

"பாக்காமயே சொல்றியேம்மா?"

"பாத்துட்டேன்."

"எப்ப பாத்த?"

"நீ தெருமுனை திரும்பும்போது."

அந்த அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. பத்து நாளில் தேமல் போய்விட்டதென்று ஒரு பொட்டலம் நெத்திலியைக் கொண்டுவந்து கொடுத்தார். "பாத்துட்டேன்" என்பது சந்து முழுக்க ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. பழக்கடைக்காரர் அழுகின மாம்பழத்தை நைசாகத் தள்ளிவிடப் பார்த்தால், நாங்களும் டாக்டரம்மா குரலில் "பாத்துட்டேன்" என்போம்.

ஒரு நாள் நான் தோல் செருப்பும் ரெக்சின் செருப்பும் ஒன்றாக வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாலிஷ் போட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எது எதுவென்று எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டார். ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிப் பார்ப்போம் என்றேன். வெட்டின இடத்தில் நார் தெரிந்தால் தோல், துணி தெரிந்தால் ரெக்சின். ரெக்சின் ஓரத்தில் ஒரு துண்டைக் கத்தியால் சீவிக் காட்டவும் செய்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உங்களுக்கு வெட்டணும் பாய். எனக்குப் பாத்தாலே போதும்."

அதில் கர்வம் இருந்தது. அந்தக் கர்வம் எனக்குப் பிடித்தும் இருந்தது. வேலை தெரிந்த ஆளுக்கு அது கொஞ்சம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான்.

என் மாமியார் அந்தப் படியில்தான் முதல்முதலாக எங்கள் கண்ணில் பட்டார். கோட்டக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். மூக்குக்குப் பக்கத்தில், கன்னத்தில், உளுந்து அளவு ஒரு கருப்புப் புள்ளி. பளபளவென்று இருக்கும். மேலே போய்க் காட்டிவிட்டு இறங்கும்போது செருப்பு வார் அறுந்துவிட்டது. நான் பெஞ்சில் உட்காரவைத்துத் தைத்துக் கொடுத்தேன். எத்தனை பேர் கூடப் பிறந்தவர்கள், கடை சொந்தமா, தொழுகை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பொழுது போகாமல் கேட்கிறார் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மறு வாரமே அவர்கள் வீட்டு ஆள் அத்தாவைத் தேடி வந்துவிட்டார். புள்ளியைக் காட்டப் போனவர் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார் என்று சொந்தக்காரர்கள் ரொம்ப நாள் கேலி பேசினார்கள்.

மாடியில் அன்றைக்கு என்ன பேசினார்கள் என்பது பிற்பாடு பரீதா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளும் கூடப் போயிருந்தாள், நான் வார் தைக்கும்போது படியோரம் நின்றிருந்தாள். டாக்டரம்மா விளக்குக் கண்ணாடியை வைத்துப் பார்த்தாராம். இது புத்துநோயில் ஒரு வகை என்று மறைக்காமலே சொல்லியிருக்கிறார். பயந்துபோன மாமியைச் சமாதானப்படுத்தி விளக்கமும் சொல்லியிருக்கிறார்.

"தோல்ல கருப்பா வர்றதுல ரெண்டு ரகம்மா. ஒண்ணு உக்காந்த எடத்துலயே உக்காந்துகிட்டு மெதுவாத் தின்னும். எடுத்துப் போட்டா தீந்துது. இன்னொண்ணு உள்ளுக்குள்ள ஓடும். ஓடிட்டா பிடிக்க முடியாது. மேலருந்து பாத்தா ரெண்டும் ஒரே கருப்பு, ஒரே மினுமினுப்பு. நம்ம ஜனங்களுக்கு மூஞ்சியில வர்றது பெரும்பாலும் உக்கார்ற ரகம்தான். உனக்கும் அதுதான்."

மாமி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வெட்டினால் கட்டுப் போடுவீர்களா?

கல்யாணப் பேச்சு முடிந்து நாள் குறித்ததும் மாமி மறுபடி மாடி ஏறியிருக்கிறார். "மாப்ள வூட்டுக்காரங்க வந்து போற நேரம்மா. மூஞ்சியில கட்டோட நின்னா இன்னா கட்டுன்னு கேப்பாங்க. நான் இன்னான்னு சொல்லுவேன்?"

எங்கள் பக்கத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. பெண்ணைப் பெற்றவளுக்குப் புத்து என்று தெரிந்தால் பெண்ணுக்கும் வரும் என்பார்கள், சம்பந்தம் நின்றுபோகும். நான் அப்படி நினைத்திருக்க மாட்டேன். என் சித்திமுறைச் சாச்சிமார்களுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. டாக்டரம்மாவுக்கும் ஊர் தெரியும். இந்த மாதிரி எத்தனையோ தாய்களைப் பார்த்தவர்.

"கல்யாணம் முடியட்டும். அது எங்கயும் போவாது" என்று சொல்லியிருக்கிறார்.

கல்யாணத்தன்று மாமி அந்தப் புள்ளியைச் சுற்றிக் கண்ணுக்கு இடுகிற சுர்மாவைத் தடவி, பெரிதாக, வட்டமாக ஒரு திருஷ்டிப் பொட்டுபோல ஆக்கிக்கொண்டு வந்து நின்றார். பெண்ணின் அம்மாவுக்கு யார் திருஷ்டி வைத்தது என்று பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். "மாப்ள அழகா இருக்காரு. ஊரு கண்ணு அவரு மேல விழாம எம்மேல விழட்டும்" என்றார். நானும் சிரித்தேன். ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அந்தப் பொட்டு இருக்கிறது.

கல்யாணம் முடிந்ததும் நோன்பு வந்தது. நோன்பு முடிந்ததும் பரீதாவுக்கு மசக்கை. அவள் ஒரு வாய் சோறு தங்காமல் கிடந்தாள், மாமி தன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்குமாக அலைந்தார். பரீதா எப்போது ஞாபகப்படுத்தினாலும், "டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க, அது எங்கயும் போவாது" என்பார். ஒரு நாள் கழுத்தில், தாடைக்குக் கீழே, நெல்லிக்காய்போல ஒன்று தட்டுப்பட்டது. அன்றைக்குத்தான் மேலே ஏறினார். வெட்டி டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வந்த சாயங்காலம் டாக்டரம்மா பெஞ்சுக்கு வரவில்லை. வாங்கி வைத்த டீ ஆறி ஆடை படிந்து கிடந்தது.

ஓடுகிற ரகம்.

பேத்தி தவழ ஆரம்பிப்பதற்குள் மாமி போய்விட்டார். குளிப்பாட்டி, கஃபன் துணி போட்டு, முகம் பார்ப்பதற்காகத் திறந்து வைத்திருந்த நேரத்தில் டாக்டரம்மா வந்தார். பெண்களுக்கு நடுவில் மய்யித்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாராம். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றிரவு பரீதா என்னிடம் சொன்னதை அவளே பிறகு பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"எங்கம்மா மூஞ்சிய அவங்க பாக்கலங்க. அந்த எடத்தத்தான் பாத்தாங்க."

அதற்குப் பிறகு டாக்டரம்மா பெஞ்சில் இருக்கிற நேரத்தில் பரீதா கடைப்பக்கம் வந்ததே இல்லை.

எனக்கும் கோபம் இருந்தது. எங்களுக்குச் சொந்தமான மாடிதான், காலி பண்ணச் சொல்லலாமா என்று அத்தாவிடம் கேட்டேன். அத்தா, "அந்தம்மா தானா போனா போவட்டும், நம்ம வாயால சொல்ல வேணாம்" என்றார். டாக்டரம்மா போகவில்லை. எப்போதும்போல சாயங்காலம் வந்து உட்கார்ந்தார். ஆனால் ஆள் மாறிப் போயிருந்தார். முன்பு நான் சீவிக் காட்டிய அந்த ரெக்சின் துண்டு எப்படியோ அவர் கையில் தங்கிவிட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே வெட்டின ஓரத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருப்பார்.

"பாத்துட்டேன்" என்ற சொல்லே அவர் வாயிலிருந்து போய்விட்டது. அதற்குப் பதில் ஒரே பாட்டு. "தெரியாது. வெட்டிப் பாக்கணும்."

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றுகிற ஒரு வண்டிக்காரர் கையில் ஒரு மருவோடு வந்தார். மரு என்று எனக்கே தெரிகிறது, கீழே உட்கார்ந்திருந்த பூக்காரிக்கும் தெரிகிறது. வண்டிக்காரர் மாடியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்.

"இன்னா பாய், இது மரு தானே?"

"மரு தான்."

"அந்தம்மா தெரியாதுங்குது. படிச்சுக்கினு வந்து தெரியாதுன்னா எதுக்கு போர்டு மாட்டிக்கினு குந்தியிருக்குது?"

கத்தி டாக்டர் என்று பெயர் வைத்தார்கள். கூட்டம் குறைந்தது. சந்தின் முனையில் வேறு இரண்டு டாக்டர்கள் வந்தார்கள், பார்த்த மாத்திரத்தில் பெயரைச் சொல்லி அனுப்புகிறவர்கள். ஜனங்களுக்கும் அதுதானே வேண்டும்? நோயைவிடப் பெயர் தெரியாமல் இருப்பதுதான் தூங்கவிடாது. டாக்டரம்மா மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து வருகிறவர்களின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். செருப்புப் போட்டுப் பார்க்க வந்தவரின் குதிகாலில் கருப்பாக எதையாவது கண்டால் முகம் வெளுத்துவிடும். "மேல வாங்க, ஒரு நிமிஷம்" என்று கெஞ்சுவார். இரண்டு பேர் பயந்துபோய் செருப்பு வாங்காமலே ஓடியிருக்கிறார்கள். நான் தடுக்கவில்லை. அவர் யாரைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

வருஷங்கள் போயின. அத்தா போய்ச் சேர்ந்தார். எங்கள் மகள் படித்து முடித்து, அவளுக்கும் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தோம்.

ஒரு நாள் பரீதா தலை துவட்டும்போது நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில், முடி ஆரம்பிக்கிற இடத்தில், கருப்பாக ஒன்றைப் பார்த்தேன். கைக்குட்டையால் துடைத்தேன். சுர்மா வந்தது. சுர்மாவுக்குக் கீழே அது இருந்தது, பளபளவென்று.

"எத்தினி நாளா?"

அவள் துண்டை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

"பொண்ணுக்குப் பேச்சு முடியட்டும்னு பாத்தேங்க" என்றாள். அன்றைக்கு டாக்டரம்மா அவள் அம்மாவிடம் சொன்ன வார்த்தையே அவள் வாயில் வந்தது அவளுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

மாடிக்கு வர மாட்டேன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். சந்து முனையில் ஏசி போட்ட கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். சின்ன வயது டாக்டர், நல்ல பிள்ளை. கருவியை வைத்துப் பார்த்தார். சிரித்த முகமாகச் சொன்னார், "பயப்படாதீங்கம்மா. இது சும்மா ஒரே எடத்துல இருக்கிற வகை. எடுத்துடலாம். அவசரமில்ல, வசதிப்படும்போது வாங்க."

பரீதா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அந்தப் பிள்ளை சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவசரமில்லை என்ற வார்த்தையை அவளால் உட்கார்ந்து கேட்க முடியவில்லை. வெளியே வந்து வெயிலில் நின்றாள். ஆட்டோவைக் கைகாட்டப் போனேன், தடுத்தாள்.

"ஒங்க கடை மாடிக்கே போவலாம்."

"நெசமாத்தான் சொல்றியா?"

"தெரியாதுன்னு சொல்ற ஆளு அவங்க ஒருத்தர்தானேங்க."

படி ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மாவுக்கு வயசாகிவிட்டிருந்தது, தலை முழுக்க நரை. பரீதாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பரீதா முக்காட்டை விலக்கிக் காட்டினாள். டாக்டரம்மா கண்ணாடியை வைத்துப் பார்த்தார், எடுத்துவிட்டுப் பார்த்தார், ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் என்றால் தெருமுனையிலேயே பெயர் சொல்லியிருப்பார்.

"எதும்மா இது?" என்று பரீதா கேட்டாள். "உக்கார்றதா, ஓடுறதா?"

"தெரியாது."

"பாத்தா எது மாதிரி இருக்குது? அதையாவது சொல்லுங்க."

"பாத்து சொல்ல மாட்டேம்மா. இப்பவே எடுத்துடறேன். சம்மதமா?"

அன்றைக்கே, அந்த அறையிலேயே, மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார். சுற்றிலும் நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்தே வெட்டினார். கட்டுப் போட்டு முடித்ததும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வரும்போல நானும் வியர்த்திருந்தேன். மகளுக்குப் பேச்சு நடத்துகிறவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள் என்று பரீதா வழியிலேயே சொல்லிவிட்டாள். சொன்னேன். அவர்கள் கொஞ்சம் யோசித்தார்கள், பிறகு சரி என்றார்கள்.

முடிவு வரும்வரைக்கும் டாக்டரம்மா சாயங்காலம் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார், டீயைத் தொடவில்லை. வெட்டினதை இரண்டு லேபுக்கு அனுப்பியிருந்தார். முதல் ரிப்போர்ட் வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிற ரகம், முழுசாக எடுத்தாகிவிட்டது. நான் கல்லாவில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டேன். அவர் தாளை மடித்து வைத்துக்கொண்டு, "இன்னொண்ணும் வரட்டும் பாய்" என்றார். அதுவும் வந்தது. அதுவும் அதையேதான் சொன்னது. அப்போதும் அவர் முகத்தில் நிம்மதி இல்லை. ஒருவர் பிழைத்தால் இன்னொருவர் கணக்கு தீர்ந்துவிடுமா?

தையல் பிரிக்கப் போன அன்றைக்கு நானும் கூட இருந்தேன். பரீதா தழும்பைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நிதானமாகக் கேட்டாள்.

"அன்னிக்கே வெட்டியிருந்தா எங்கம்மா பொழச்சிருப்பாங்களா?"

பிழைத்திருப்பார் என்று சொன்னால் இவள் ஆயுசுக்கும் அவரை வெறுத்துவிட்டுப் போயிருப்பாள். பிழைத்திருக்க மாட்டார் என்றால் மன்னித்திருப்பாள். மன்னிப்புக்காக அவர் அதைச் சொல்லியிருக்கலாம், யாரும் போய்ச் சரிபார்க்கப் போவதில்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"தெரியாதும்மா" என்றார் டாக்டரம்மா. "தெனமும் அதைத்தான் யோசிக்கிறேன். தெரியல."

பரீதா முக்காட்டை முழுக்கத் தளர்த்தி, தலையை நிமிர்த்தி, கழுத்தைக் காட்டினாள். "இங்கயும் பாத்துடுங்க" என்றாள். தாடைக்குக் கீழே, அவள் அம்மாவுக்குக் கட்டி வந்த இடத்தில், டாக்டரம்மாவின் விரல்கள் மெதுவாகத் தடவித் தடவிப் பார்த்தன. ஒன்றுமில்லை என்று அவர் சொல்லவில்லை. மூணு மாதம் கழித்து வா என்றார். பரீதா போனாள். அதற்குப் பிறகும் தவறாமல் போய்க்கொண்டிருந்தாள்.

போன வருஷம் டாக்டரம்மா கிளினிக்கை மூடினார். தம்பி குடும்பம் பிரான்சில் இருக்கிறது, தனியாக இருக்க வேண்டாம் என்று கூப்பிட்டுவிட்டார்கள். கிளம்புகிற அன்றைக்குப் பரீதா பிரியாணி செய்து தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு, சாயங்காலம், அவர் உட்கார்ந்திருக்கிற நேரமாகப் பார்த்துக் கடைக்கு வந்தாள். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா வழக்கம்போலத் தழும்பைப் பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். டீ குடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார். "அலோர்" என்று எழுந்தார். நாலு அடி போனவர் திரும்பி நின்றார். அத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவர் பரீதாவின் முகத்தை நேராகப் பார்ப்பதைப் பார்த்தேன்.

"நீ அப்படியே உங்கம்மா ஜாடை. சிரிக்கும்போது அவங்களுக்கும் இடது பக்கம் தான் உதடு ஏறும்" என்றார். பிறகு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பரீதா பீரோவிலிருந்து கல்யாண ஆல்பத்தை எடுத்தாள். மாமி சிரித்துக்கொண்டு நிற்கிற படத்தைத் தேடிப் பிடித்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். எத்தனையோ தடவை பார்த்த படம்தான், என் கண் எப்போதும் அந்தக் கருப்புப் பொட்டில்தான் போய் நிற்கும். பரீதா அதைக் கட்டை விரலால் மூடிக்கொண்டாள். இடது பக்கம் உதடு கொஞ்சம் மேலேதான் ஏறியிருந்தது.

"எங்கம்மா மூஞ்சியப் பாத்திருக்காங்கங்க" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.